மாட்டு ரத்தத்தில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’: சோதனை எண் எதைச் சொல்கிறது?

கன்று ஈன்ற மாட்டுக்கென்று விற்கப்படும் தாது உப்பு, வைட்டமின் கலவைகளின் விளம்பரத் தாளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரு பட்டை வரைபடம் கண்ணில் படும். கலவை தின்னாத மாடுகளுக்கு உயரமான சிவப்புப் பட்டை, தின்ற மாடுகளுக்குக் குட்டையான பச்சைப் பட்டை. அடியில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறைந்தது’ என்று ஒரு வரி. அந்த உயரம் எந்தச் சோதனையில் கிடைத்தது, ரத்தம் எந்தக் குழாயில் எடுக்கப்பட்டது, எடுத்தபோது மாடு ஈன்று எத்தனை நாள் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்த எண்ணை நம்புவதா வேண்டாமா என்பது முழுக்க அந்தப் பொடி எழுத்தைப் பொறுத்த விஷயம்.

ஆக்சிஜனைப் பயன்படுத்தும் எந்த உயிரணுவிலும் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற துடுக்கான மூலக்கூறுகள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கும். அவற்றை அடக்க உடம்பில் நொதிகளும் வைட்டமின்களும் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலை, பிறக்கும் பக்கமாகச் சாய்ந்துவிடுவதைத்தான் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985-இல் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று வரையறுத்தார். பண்ணை விலங்குகளில் இந்தப் பேச்சு அதிகம் அடிபடுவது கறவை மாட்டில், அதுவும் ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மூன்று வாரம் பின்பு வரை. திடீரென்று பால் சுரப்பு தொடங்குகிறது, தீனி போதவில்லை, உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது, கருப்பையில் புண் ஆறிக்கொண்டிருக்கிறது. நஞ்சுக்கொடி தங்குவது, மடிநோய், கருப்பை அழற்சி எல்லாம் வரிசை கட்டுவதும் இந்த வாரங்களில்தான். இதற்கெல்லாம் பின்னால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஒரு பொதுக் காரணமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் நியாயமானதே. அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லொரெய்ன் சோர்டில்லோவின் குழு பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்தது.

சிக்கல் அளப்பதில் இருக்கிறது. இந்தத் துடுக்கான மூலக்கூறுகளில் ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் வகையைச் சேர்ந்த ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் ஒரு நானோ விநாடி அளவுதான். ஊசியை உருவுவதற்குள் அது போயே போய்விடும். ஆகவே ரத்தத்தில் யாரும் ஃப்ரீ ராடிக்கலை நேரடியாக எண்ணுவதில்லை. அவை விட்டுச் சென்ற சேதத்தையோ, அவற்றைத் தடுக்க உடம்பு வைத்திருக்கும் இருப்பையோ, வேதிப்பொருள் ஒன்றைக் கலந்து, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறோம். நிறம் மாறிவிட்டது என்பது உறுதி. எதனால் மாறியது என்பதில்தான் எல்லா வழக்கும்.

சிவக்கும் குழாய்

கால்நடை ஆய்வுகளில் அதிகம் புழங்கும் சோதனைகளில் ஒன்று டி-ராம்ஸ். இத்தாலியில் உருவான இதை அங்குள்ள டயாக்ரான் நிறுவனம் கிட்டாக விற்கிறது. இதன் அலகு கார் யூனிட். சோதனையை உருவாக்கியவர்களில் ஒருவரான காரட்டெல்லியின் பெயரிலிருந்து வந்தது. ஒரு கார் யூனிட் என்றால் 100 மி.லி.யில் 0.08 மி.கி. ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு இணை.

செய்முறை எளிமையானது, அதுவே இதன் கவர்ச்சி. 20 மைக்ரோலிட்டர் சீரம் போதும். அதை அமிலத்தன்மை (pH) 4.8 உள்ள அசிடேட் கரைசலில் கலக்கிறார்கள். அமிலம் பட்டதும் புரதங்களைப் பிடித்திருந்த இரும்பு விடுபடும். அந்த இரும்பு, சீரத்தில் ஏற்கெனவே உருவாகிக் கிடக்கும் ஹைட்ரோபெராக்சைடுகளை உடைத்துப் புதிதாக ராடிக்கல்களை உண்டாக்கும். அவை டைஎத்தில் பாராஃபெனிலீன்டையமின் என்ற நிறமற்ற வேதிப்பொருளைத் தாக்க, கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். 505 நானோமீட்டர் ஒளியில் அந்தச் சிவப்பின் அடர்த்தியை அளந்தால் முடிந்தது. சில நிமிட வேலை. தானியங்கிக் கருவியில் வைத்தால் ஒரு பண்ணையின் மொத்த மாதிரிகளும் ஒரே காலையில் முடிந்துவிடும். இங்கே சொன்னது சோதனையின் அதிகாரபூர்வ விளக்கம். இதில் இரும்பு வருகிறது, பெராக்சைடு வருகிறது, வரவேண்டிய இன்னொரு ஆள் மட்டும் வரவில்லை.

அந்த ஆள் செருலோபிளாஸ்மின். 1948-இல் சுவீடனின் ஹோல்ம்பெர்க், லாரெல் இருவரும் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீல நிறப் புரதம் இது. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு செம்பு அணுக்கள். பிளாஸ்மாவில் உள்ள செம்பின் பெரும்பகுதியைச் சுமப்பது இதுதான். இது ஒரு நொதியும்கூட. பாராஃபெனிலீன்டையமின் வகைச் சேர்மங்களை யாருடைய உதவியும் இல்லாமல் தானே ஆக்சிஜனேற்றி நிறமூட்டும். இந்தக் குணத்தை வைத்துத்தான், டி-ராம்ஸ் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே, ஆய்வகங்கள் செருலோபிளாஸ்மினை அளந்து வந்தன: அசிடேட் கரைசல், மிதமான அமிலம், பாராஃபெனிலீன்டையமின், நிறத்தை அளத்தல். இரண்டு செய்முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதினார்களோ என்று தோன்றும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. சோடியம் அசைடு செருலோபிளாஸ்மினின் நொதி வேலையை நிறுத்தும். டி-ராம்ஸ் கலவையில் அசைடைச் சேர்த்துப் பார்த்தவர்கள், நிறம் பெருமளவு வராமலே போவதைக் கண்டார்கள். பெராக்சைடுதான் காரணமென்றால் நிறம் வந்திருக்க வேண்டும். துருக்கியின் ஓஸ்ஜான் எரெலும் சக ஆய்வாளர்களும் 2006-இல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சோதனை கண்டறிவது செருலோபிளாஸ்மினையே, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அல்ல என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சோதனையை ஆதரிப்பவர்கள் அந்தப் புரதத்தின் பங்கு சிறியது என்று பதில் வைத்தார்கள். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: எரெல் இதற்குப் போட்டியாக வேறொரு சோதனையை 2005-இல் வெளியிட்டவர். ஆக, வாதத்தின் இரண்டு பக்கமும் கிட் இருக்கிறது. இருந்தாலும் அசைடு பரிசோதனையை யார் வேண்டுமானாலும் தங்கள் மேசையில் செய்து பார்க்கலாம். எனக்கு அந்தச் சான்று ஆதரவாளர்களின் பதிலைவிடக் கனமாகவே தெரிகிறது.

மாட்டுக்கு இது ஏன் முக்கியம்? செருலோபிளாஸ்மின் ஓர் அழற்சிப் புரதம். உடம்பில் எங்காவது காயம், தொற்று, வீக்கம் என்றால் கல்லீரல் அதைக் கூடுதலாகச் சுரக்கும். கன்று ஈன்ற மாட்டில் அழற்சி இல்லாத மாடு அரிது. கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வருவதே ஓர் அழற்சி நிகழ்வு. ஆகவே ஈன்ற பிறகு டி-ராம்ஸ் எண் ஏறியது என்றால், ‘அழற்சி இருந்தது’ என்று படிக்கலாம். ‘ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகின’ என்று படிக்க அந்த எண் மட்டும் போதாது. இரண்டும் உறவுள்ளவைதான். வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல ராடிக்கல்களை வேண்டுமென்றே உற்பத்தி செய்பவை. ஆனால் உறவு இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அளந்துவிட முடியாது.

இன்னும் விபரீதமான நிலை ஒன்று உண்டு. செம்புச் சத்துக் குறைந்த மாட்டை எடுத்துக்கொள்வோம். மேய்ச்சலில் மாலிப்டினமும் கந்தகமும் அதிகமிருந்தால், வயிற்றிலேயே அவை செம்பைக் கட்டிப் போட்டுவிடும். தீனியில் செம்பு இருந்தும் மாட்டுக்குக் கிடைக்காது. சூப்பராக்சைடை அடக்கும் நொதிகளில் ஒன்றுக்குச் செம்பும் துத்தநாகமும் தேவை. எனவே இந்த மாட்டின் தற்காப்பு நிஜமாகவே பலவீனமானது. அதே செம்புக் குறைவால் செருலோபிளாஸ்மினும் இறங்கும். டி-ராம்ஸில் எண் குறைவாக வரும். தாளில் அது ‘அழுத்தம் இல்லாத’ மாடு. பிறகு செம்பு கொடுத்தால் எண் ஏறும்; பார்ப்பவர் செம்பால்தான் அழுத்தம் வந்தது என்று எழுதக்கூடும்.

எண்களைச் சந்தேகிக்க இன்னொரு காரணம் அளவுகோல். மனிதர்களுக்கு 250 முதல் 300 கார் யூனிட் வரை இயல்பு என்கிறார்கள். கறவை மாடுகளில் பொதுவாக அதைவிட வெகு குறைவாகவே பதிவாகிறது. மாடு ராடிக்கல் இல்லாத பிராணி என்பதா இதன் பொருள்? இனத்துக்கு இனம் ரத்தப் புரதங்களின் அளவும் வேகமும் வேறு என்பதே. மனிதனுக்கு வகுத்த எல்லைக்கோட்டை மாட்டுக்கோ ஆட்டுக்கோ பன்றிக்கோ நகர்த்த முடியாது.

இந்தக் குறைகளைத் தாண்ட ஸ்பெயினின் லூகோவில் ஆஞ்செல் அபுவேலோவும் குழுவினரும் 2013-இல் ஒரு குறியீட்டை முன்வைத்தார்கள். தாக்கும் பக்க எண்ணைத் தற்காக்கும் பக்க எண்ணால் வகுப்பது. தனித்தனியாகப் பார்ப்பதைவிட இந்த விகிதம் ஈனும் காலத்து மாற்றத்தைத் தெளிவாகக் காட்டியது என்றார்கள். காட்டியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் மேலே இருக்கும் எண் செருலோபிளாஸ்மினோடு ஏறுகிறது என்றும், கீழே இருக்கும் தற்காப்பு எண்ணில் ஆல்புமின் போன்ற ரத்தப் புரதங்களுக்குப் பெரும் பங்கு என்றும் வைத்துக்கொண்டு யோசியுங்கள். அழற்சி வந்தால் செருலோபிளாஸ்மின் ஏறும், ஆல்புமின் இறங்கும். மேலே ஏற, கீழே இறங்க, விகிதம் பாய்ந்து உயரும். அது அருமையான அழற்சிக் குறியீடாகவும் இருந்துவிடலாம்.

கொதிநீர்த் தொட்டியும் பிலிருபினும்

டிபார்ஸ் என்பது இதைவிடப் பழைய சோதனை, இன்றும் மலிவு. கொழுப்பு ஆக்சிஜனேறிச் சிதையும்போது மாலண்டயால்டிஹைடு உண்டாகும், சுருக்கமாக எம்.டி.ஏ. அதனுடன் தயோபார்பிட்டூரிக் அமிலத்தைச் சேர்த்து, அமிலத்தில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கினால் இளஞ்சிவப்பு வரும். 532 நானோமீட்டரில் அளக்கிறார்கள். கோளாறு அந்தச் சூட்டிலேயே தொடங்குகிறது. மாதிரியைச் சூடாக்கும்போதே அதில் உள்ள கொழுப்பு சிதைந்து புது எம்.டி.ஏ. உருவாகும். சர்க்கரைகள், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, ஹீமோகுளோபின் ஆகியவையும் இதே நிறத்தில் கை வைக்கும்.

கறவை மாட்டில் இந்தக் குறுக்கீடுகள் ஒன்றும் அபூர்வமல்ல. தீனி எடுக்காத, கல்லீரலில் கொழுப்பு படிந்த மாட்டுக்குப் பிலிருபின் ஏறும். ஆளி விதையோ மீன் எண்ணெயோ கொடுத்த மாட்டின் ரத்தத்தில் எளிதில் ஆக்சிஜனேறும் கொழுப்பு அதிகம்; சுடுதொட்டியில் சிதைய அதற்குச் சரக்கும் அதிகம். இத்தாலியின் விட்டெர்போவில் பெர்னபுச்சி குழு 2005-இல் கொழுத்த உடம்போடு ஈன்ற மாடுகளில் இத்தகைய எண்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. கொழுத்த மாடு ஈன்ற பிறகு அல்லல்படும் என்பது நம் கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆய்வின் போக்கும் நம்பத்தக்கதே. அதே மாடுகளின் ரத்தத்தில் கரைந்த கொழுப்பும் அதிகமாகத்தானே இருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். எம்.டி.ஏ.-வைத் தனியே பிரித்து எச்.பி.எல்.சி. என்ற பிரிப்புக் கருவியிலோ நிறை நிறமாலைமானியிலோ அளந்தால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும். செலவுதான் ஏறும்.

கோழியின் ‘ஆன்டிஆக்சிடன்ட் வளம்’

சேதத்தை அளப்பதை விட்டுத் தற்காப்பு இருப்பை, அதாவது ஆன்டிஆக்சிடன்ட் திறனை, மொத்தமாக அளக்கும் சோதனைகள் தனி வகை. ஹாங்காங்கில் ஐரிஸ் பென்சியும் ஸ்ட்ரெய்னும் 1996-இல் வெளியிட்ட ஃப்ராப் இவற்றில் பிரபலம். இரும்பை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு இறக்கும் ஆற்றல் பிளாஸ்மாவுக்கு எவ்வளவு என்று பார்க்கிறது. கேட்கப் பிரமாதமாக இருக்கும். மனித பிளாஸ்மாவில் இந்த ஆற்றலில் பாதிக்கு மேல் யூரிக் அமிலத்தின் கணக்கு. உயிரணுக்களின் முக்கியக் காவலாளியான குளூட்டாதயோனை இந்தச் சோதனை கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை.

இதன் விளைவை அழகாகக் காட்டியது 2004-இல் அமெரிக்காவின் ஓரிகனில் லொட்டீட்டோ, ஃப்ரெய் இருவரும் செய்த ஆப்பிள் ஆய்வு. ஆப்பிள் தின்றவர்களின் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் திறன் ஏறியது. ஆப்பிளின் நிறமிச் சத்துகள்தான் காரணம் என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் ஆப்பிளில் இருந்த ஃபிரக்டோஸ் சர்க்கரை உடம்பில் யூரிக் அமிலத்தைக் கூட்டியது; அதுதான் எண்ணை ஏற்றியது.

இதைக் கோழிக்குக் கொண்டு போனால் நிலைமை இன்னும் மோசம். பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகவே வெளியேற்றும்; எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். அப்படியானால் கோழியின் ரத்தத்தில் ஓடும் யூரிக் அமிலம் அது எவ்வளவு புரதம் தின்றது, எப்போது தின்றது என்பதைப் பொறுத்தது. நாமக்கல் பக்கம் சித்திரை வெயிலில் கோழி தீனி எடுக்காமல் இறக்கையை விரித்து மூச்சு வாங்கும். அந்த நேரம் ரத்தம் எடுத்தால் யூரிக் அமிலம் இறங்கியிருக்கக் கூடும். ‘வெப்பத்தால் ஆன்டிஆக்சிடன்ட் திறன் சரிந்தது’ என்று ஒரு முடிவு தயார். தீனி எடுக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத் தீவனத் தொட்டியை எட்டிப் பார்த்தாலே போதும். வெப்பம் கோழியைப் பாதிக்கவில்லை என்று இதற்குப் பொருளல்ல. யூரிக் அமிலத்தைத் தனியே அளந்து கழிக்காமல் அந்த எண்ணிலிருந்து அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

மாட்டில் கதை தலைகீழ். மாட்டுக்கு யூரிகேஸ் நொதி உண்டு. யூரிக் அமிலத்தை அலண்டாயினாக மாற்றிவிடும். மனிதனுக்கு அந்த நொதி கிடையாது. எனவே மனித ரத்தத்தில் அலண்டாயின் தெரிந்தால் ராடிக்கல் தாக்கி உருவானதாகக் கொள்ளலாம், மனித ஆய்வுகளில் அதை அழுத்தக் குறியாகப் பயன்படுத்துவதும் உண்டு. மாட்டில் அலண்டாயின் என்றால் நொதியின் அன்றாட வேலை. மாட்டுச் சிறுநீரில் அதை அளந்து, இரைப்பையில் நுண்ணுயிர்கள் எவ்வளவு புரதம் ஆக்கின என்று தீவன ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஒரே மூலக்கூறு, எந்தப் பிராணியின் ரத்தம் என்பதைப் பொறுத்து வேறு வேறு சேதி. மனித மருத்துவத்துக்குத் தயாரித்த கிட்டை அப்படியே தொழுவத்துக்குக் கொண்டுவருவதன் ஆபத்து இங்கே அப்பட்டமாகத் தெரியும்.

மொத்தத் திறன் என்ற கருத்தையே சீஸ் 2007-இல் கேள்விக்கு உட்படுத்தினார். மனித உணவுத் துறையில் இதன் கதி இன்னும் வெளிப்படை: உணவுப் பொருள்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் போட்டு அமெரிக்க வேளாண் துறை வைத்திருந்த ஓராக் பட்டியலை, விற்பனைக்குத் தவறாகப் பயன்படுகிறது என்று 2012-இல் அத்துறையே நீக்கியது. கால்நடைத் தீவன விளம்பரங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நிற்கக்கூடியவை

எல்லாச் சோதனையும் வெறும் நிறம் என்று கைவிட வேண்டியதில்லை. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியை எடுத்துக்கொள்வோம். 1973-இல் இதில் செலினியம் இருப்பது கண்டறியப்பட்டது. அதுமுதல் ஆட்டுக்குட்டி, கன்றுகளுக்கு வரும் வெண்தசை நோயில் செலினியம் குறைவா என்று பார்க்க இந்த நொதி நம்பகமான கருவி. ஆனால் சிவப்பணுவில் உள்ள நொதிக்குச் செலினியம் சேர்வது, அந்த அணு எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதுதான். மாட்டின் சிவப்பணு மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். ஆக இன்று அளக்கும் நொதி, சில மாதங்களுக்கு முன்பிருந்து மாடு தின்ற செலினியத்தின் வரலாறு. நேற்று ஊசி போட்டு அடுத்த வாரம் ரத்தம் எடுத்து ‘மாற்றம் இல்லை’ என்பது அவசரக்குடுக்கைத்தனம். நொதி குறைவு என்பது செலினியம் குறைவு என்றுதான் பொருள். மாட்டில் ஆக்சிஜனேற்றச் சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வெப்பநிலையும் வேதிப்பொருளும் மாறுவதால், ஓர் ஆய்வக எண்ணை இன்னோர் ஆய்வக எல்லையோடு ஒப்பிடவும் கூடாது.

வைட்டமின் இ-யும் நேராக அளக்கக்கூடியது. ஓஹையோவில் வைஸும் குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஈனும் சமயம் பிளாஸ்மாவில் ஆல்ஃபா டோகோஃபெரால் (வைட்டமின் இ-யின் முக்கிய வடிவம்) மி.லி.க்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்த மாடுகளுக்கு, முதல் 7 நாளில் மடிநோய் வரும் வாய்ப்பு 9.4 மடங்கு. பண்ணை முடிவுக்கு உதவும் எண் என்றால் இது மாதிரி இருக்க வேண்டும். நோயோடு கட்டிய எண். இதிலும் ஒரு வலை உண்டு. வைட்டமின் இ ரத்தத்தில் தனியாக ஓடுவதில்லை, கொழுப்புப் புரதங்களில் ஏறித்தான் பயணிக்கும். ஈனும் நேரத்தில் கொலஸ்ட்ரால் கீழே இறங்கும். வண்டி குறைந்தால் சவாரியும் குறையும். அதனால்தான் வைட்டமின் இ-யைக் கொலஸ்ட்ராலோடு சேர்த்து விகிதமாகப் பார்க்கச் சொல்கிறார்கள். விகிதம் இயல்பாக இருந்து வைட்டமின் மட்டும் குறைந்திருந்தால், அது சத்துக் குறைவா, ஈனும் காலத்து இயல்பான இறக்கமா என்று மறுபடி யோசிக்க வேண்டும்.

குறைவு என்று எண் சொன்னதும் வாரிக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து ஆய்வு ஒன்று இருக்கிறது. பவுஸ்ட்ராவும் குழுவினரும் 2010-இல் வெளியிட்டது. 5 பண்ணைகள், 296 மாடுகள். பால் வற்றிய காலத்தில் ஒரு பிரிவுக்கு நாளுக்கு 3,000 யூனிட் வைட்டமின் இ, இன்னொரு பிரிவுக்கு 135 யூனிட். யாருக்கு எது என்று பண்ணையாளருக்கும் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. ஈன்ற பிறகு மடிநோய் அதிகம் வந்தது கூடுதல் வைட்டமின் தின்ற மாடுகளுக்கு. பால் வற்றும்போதே ரத்தத்தில் வைட்டமின் இ போதுமான அளவு இருந்த மாடுகளுக்கு அதற்கு மேல் கொடுப்பது தீங்காக முடியலாம் என்று குழு விளக்கியது. நம்மூரிலும் சினை பிடிக்காத மாட்டுக்கும் நஞ்சு விழாத மாட்டுக்கும் வைட்டமின் இ-செலினியம் ஊசி போடுவது சகஜம். குறைவு உள்ள மந்தையில் அது பலன் தரும். குறைவு இருக்கிறதா என்று ஒரு தடவையாவது அளந்த பிறகு போடுவதற்கு, இந்த டச்சு மாடுகளே போதுமான காரணம். செலினியத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதி மண்ணில் செலினியம் மிகுந்து மாடுகளே நஞ்சாகி நொந்திருக்கின்றன.

சேதத்தையே அளந்தாக வேண்டும் என்றால் இன்றைக்கு முதலிடம் ஐசோபிராஸ்டேன்களுக்கு. 1990-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாரோ, ராபர்ட்ஸ் குழு கண்டறிந்தது. நொதியின் உதவியில்லாமல், ராடிக்கல் நேரடியாகக் கொழுப்பமிலத்தைத் தாக்கும்போதே இவை பிறப்பவை. அமெரிக்காவின் தேசிய சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம், எந்தக் குறியை நம்பலாம் என்று முடிவுகட்ட ஒரு பெரிய ஒப்பீட்டையே நடத்தியது. எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து, ஆக்சிஜனேற்றச் சேதம் நிச்சயம் உண்டு என்ற நிலையை உருவாக்கி, பல ஆய்வகங்கள் பல குறிகளை ஒரே மாதிரிகளில் அளந்தன. 2005-இல் வந்த முடிவில் தேறியவை சிலவே; அவற்றுள் நிறை நிறமாலைமானியால் அளந்த பிளாஸ்மா எம்.டி.ஏ.-வும், பிளாஸ்மாவிலும் சிறுநீரிலும் அளந்த ஐசோபிராஸ்டேனும் உண்டு. அதுவரை பலர் நம்பியிருந்த புரதக் குறிகள் தேறவில்லை. எலியின் கல்லீரலில் விஷம் செய்தது, மாட்டின் மடியில் கிருமி செய்வதற்குச் சமமாகாது. ஆனால் சேதம் உறுதியாக இருக்கும்போதே அசையாத குறி, சேதம் இருக்குமோ இல்லையோ என்ற இடத்தில் என்ன சொல்லிவிடப் போகிறது?

ஐசோபிராஸ்டேனுக்கும் தொல்லை உண்டு, அது குழாயில் தொடங்கும். ரத்தத்தைச் சும்மா வைத்தால் காற்றில் உள்ள ஆக்சிஜன் அதிலிருக்கும் கொழுப்பைத் தாக்கிப் புது ஐசோபிராஸ்டேனை உருவாக்கும். மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்தாலும் அந்த வேலை மெல்ல நடந்துகொண்டுதான் இருக்கும். மைனஸ் 80 வேண்டும். ஆக்சிஜனேற்றத் தடுப்பி சேர்த்த குழாய் வேண்டும். மதியம் தொழுவத்தில் எடுத்த குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பைக்கில் அடுத்த ஊர் போய், மாலையில் சுழற்றியில் வைத்தால் வருவது மாட்டின் எண்ணல்ல, பயணத்தின் எண்.

குழாயின் மூடி நிறமும் விளையாட்டில்லை. டி-ராம்ஸ் சோதனைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. சேர்த்த குழாய் கூடாது, அது இரும்பைப் பிடித்துக்கொண்டு நிறத்தைக் கெடுக்கும்; சீரமோ ஹெப்பாரினோ வேண்டும். எம்.டி.ஏ.-வுக்கோ இ.டி.டி.ஏ. நல்லது, அதே காரணத்தால்: இரும்பைக் கட்டிப்போட்டால் குழாய்க்குள் புதுச் சிதைவு குறையும். இரண்டு சோதனையையும் ஒரே குழாயிலிருந்து செய்ததாக ஓர் அறிக்கை சொன்னால் ஏதோ ஒன்று தவறாகிவிட்டது. ஊசி சரியாக ஏறாமல் இழுத்து இழுத்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்து சீரம் சிவக்கும். அந்த மாதிரியை ஏறக்குறைய எல்லாச் சோதனைக்கும் தூக்கிப் போட வேண்டியதுதான். கட்டிப்போட்டு மிரண்ட ஆட்டுக்கு மண்ணீரல் சுருங்கிக் கூடுதல் சிவப்பணுக்களை ரத்தத்தில் தள்ளும், அளவு மாறும். வெயிலில் தண்ணீர் இல்லாமல் நின்ற மாட்டின் ரத்தம் கெட்டிப்பட்டு எல்லா எண்ணும் சற்றுத் தூக்கலாகவே வரும்.

அப்படியானால் ஒரு பண்ணையில் ஈன்ற மாடுகளில் நஞ்சு விழாமல் தங்குவது வழக்கமாகிவிட்டால் எதை அளப்பது? என் கணக்கில் செலினியமும், முழு ரத்தத்தில் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும், கொலஸ்ட்ராலோடு சேர்த்து வைட்டமின் இ-யும் முதல் வரிசை. அழற்சி உண்டா என்று தெரிய வேண்டுமானால் ஹாப்டோகுளோபின் என்ற அழற்சிப் புரதத்தை அளப்பது நேர்வழி. நலமான மாட்டின் ரத்தத்தில் அது அநேகமாக இருக்காது, அழற்சி வந்தால் தெளிவாகத் தெரியும். டி-ராம்ஸை அழற்சியின் சுற்றுவழிச் சாட்சியாக எடுத்துக்கொள்வதைவிட இது சுத்தம். ஒரு மாட்டை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஈனும் தேதிக்கு ஒரே அளவு தூரத்தில் இருக்கும் ஏழெட்டு மாடுகளை, ஒரே வேளையில், ஒரே நரம்பில் ரத்தம் எடுத்து, ஒரே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிந்தால் அதே மாடுகளை ஈனுவதற்கு முன்பு ஒரு தடவையும், ஈன்ற பிறகு ஒரு தடவையும். புதிய கலவையைச் சோதிக்கிறோம் என்றால் அதைத் தின்னாத மாடுகளும் அதே தொழுவத்தில், அதே நாட்களில் ஈனுபவையாக இருக்க வேண்டும்; சென்ற பருவத்து மாடுகளோடு ஒப்பிட்டால் வெயில், தீவனம், கன்றுத் தரிப்பு எல்லாம் சேர்ந்தே பட்டையின் உயரத்தைத் தீர்மானித்திருக்கும்.